வீட்டு மொழியா குற்றவாளி?

பள்ளிக்கூடங்கள் திறக்கும் பருவம் வந்துவிட்டால் திருத்தணி முஸ்லிம்களிடையே ஒரு பழைய வழக்கு மீண்டும் மூண்டுவிடுகிறது. நம் பிள்ளைகள் படிப்பில் பின்தங்குவது எதனால் என்பதே வழக்கு. இவ்வாண்டும் இஷாத் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் தாழ்வாரத்தில் அமர்ந்து சிலர் அதனை விசாரித்தனர். நாமும் ஓர் ஓரத்தில் இருந்து கேட்டோம்.

உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் முதலில் தீர்ப்புக் கூறினார்: "வீட்டில் உருது பேசுவதை நிறுத்துங்கள். தாய்மார்களுக்கு ஜமாஅத் கட்டளையிட வேண்டும். உருது வீட்டை விட்டு வெளியேறாத வரையில் பிள்ளை பள்ளியில் தேறமாட்டான்." வணிகர் ஒருவர் வெகுண்டெழுந்தார்: "உருது நம் அடையாளம். தமிழ்ப் பாடத்திலிருந்து விலக்கு வாங்குங்கள். அந்தத் தேர்வு இல்லாவிட்டால் பிள்ளைகள் தாமே தேறுவார்கள்." இளந்தந்தை ஒருவர் நகைத்துக்கொண்டே, "எதற்கு இந்தச் சண்டை? இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்துவிட்டேன். இனி எனக்கு உருதுவும் வேண்டாம், தமிழும் வேண்டாம்" என்றார். அவையில் பெரும்பாலோர் இம்மூவருள் ஒருவருக்குத் தலையசைத்தனர்.

நமக்குத் தலையசைக்க முடியவில்லை. அன்றிரவு பேசாது வந்துவிட்டோம். பேசாதிருந்தது தவறென்று பின்னர் உணர்ந்து இதனை எழுதுகிறோம்.

மூவரும் மூன்று திசையில் நிற்பதுபோல் தோன்றினும் மூவரையும் ஆட்டிவைப்பது ஒரே பிழையான எண்ணம். பிள்ளையின் உள்ளத்தை ஒரு சிறு பெட்டியாகக் கருதுகின்றனர். அதில் ஒரு மொழி புகுந்தால் மற்றொன்றுக்கு இடமிராது என நம்புகின்றனர். ஆகவே ஒருவர் உருதுவை வெளியே எறியச் சொல்கிறார்; ஒருவர் தமிழை எறியச் சொல்கிறார்; மூன்றாமவர் இரண்டையும் எறிந்துவிட்டு நிம்மதியாக உறங்கச் செல்கிறார். நாம் கூறுவது இதுதான்: பிள்ளை வீழ்வதற்கு அவன் வீட்டில் பேசும் மொழி காரணமன்று. வீட்டு மொழியிலிருந்து பள்ளி மொழிக்கு அவனைக் கைப்பிடித்து அழைத்துச் செல்ல ஆளில்லை, அதுவே காரணம்.

முதலில் நம் ஊரைப் பார்ப்போம். 1911 இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது திருத்தணி அதனுள் அடங்கிற்று. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது திருத்தணியும் ஆந்திரத்துக்குச் சென்றது. ம.பொ.சி., மங்கலங்கிழார் முதலியோர் நடத்திய எல்லைப் போராட்டத்தின் பயனாகவும், படாஸ்கர் அவர்களின் பரிந்துரைப்படியும் 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணைந்தது. மலைமேல் முருகன் கோயிலும் நகர்ந்திலது. அடிவாரத்துத் தெருக்களும் நகர்ந்தில. எல்லைக்கோடுதான் குடிபெயர்ந்தது. அதனால் நம் கடைவீதியில் இன்றும் தமிழும் தெலுங்கும் உருதுவும் ஒரே தராசில் நிறுக்கப்படுகின்றன. நகரியிலிருந்தும் புத்தூரிலிருந்தும் சித்தூரிலிருந்தும் பிழைப்புக்காகவோ மணவினையாலோ வந்து தங்கும் குடும்பங்கள் இன்றும் உள. இப்படிப்பட்ட ஊரில் "வீட்டில் ஒரே மொழி பேசு" என்று கட்டளையிடுவது ஆற்றை ஒரே கரையோடு ஓடச் சொல்வதாகும்.

இது ஓர் ஊரின் செய்தி மட்டுமன்று. 2011 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் முஸ்லிம்கள் ஏறத்தாழ 42 இலட்சத்து 29 ஆயிரம் பேர். உருதுவைத் தாய்மொழியாகக் கூறியோர் ஏறத்தாழ 12 இலட்சத்து 64 ஆயிரம் பேர். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி தொடங்கி நம் எல்லைவரை எத்தனையோ வீடுகளில் குழந்தை முதலிற் கேட்கும் சொல் உருதுச் சொல். அதுவும் பாடநூலில் அச்சாகும் உருது அன்று. "நக்கோ" என்று மறுக்கும் தக்கனி உருது. ஆகவே உருதுப் பள்ளியில் சேர்ந்தாலுங்கூட அப்பிள்ளை ஒரு படி ஏறியாக வேண்டும். தமிழ்ப் பள்ளியிலோ பல படிகள். ஏறமுடியாதென்று நாம் சொல்லவில்லை. ஏற்றிவிடுவார் யார் என்றே கேட்கிறோம்.

நம்மிடம் மாலையில் ஓத வரும் சிறுவன் ஒருவன். பலசரக்குக் கடைக்காரர் மகன். கணக்கில் தொடர்ந்து தோற்கிறான் என்று அவன் தந்தை வருந்தினார். ஒருநாள் அவன் புத்தகத்தை வாங்கிப் பார்த்தோம். 400 ரூபாய்க்கு வாங்கிய பொருளைப் 10 விழுக்காடு நட்டத்தில் விற்றால் விற்ற விலை என்ன என்பதுபோல் ஒரு கணக்கு. பையன் விழித்தான். "நட்டம் என்றால் என்ன?" என்றோம். "செடி நடுவது" என்றான். "நுக்ஸான்" என்று ஒரு சொல் சொன்னோம். நாம் வாய் மூடுமுன், "தீன் ஸௌ ஸாட்" என்றான். 360! கடையில் அமர்ந்து தந்தையின் கைமாற்றைக் கணக்கிடும் பிள்ளைக்கு இலாப நட்டம் தெரியாதா? தெரிந்திருந்தது, அவனுக்குத் தெரிந்ததைப் பள்ளி கேட்ட சொல் அவனுக்கு எட்டவில்லை. அவனது விடைத்தாளில் விழுந்த சுழி கணக்குக்கு விழுந்ததா, மொழிக்கு விழுந்ததா? பெரியவரின் தீர்ப்பை ஏற்று அவன் வீட்டிலிருந்து உருதுவை விரட்டியிருந்தால், அந்த "நுக்ஸானும்" அவனிடம் இருந்திராது. அப்போது எதைப் பிடித்து அவனை ஏற்றியிருப்போம்?

இதனை நாம் ஏட்டிற் படித்து மட்டும் எழுதவில்லை, பட்டும் எழுதுகிறோம். தமிழே வழங்கும் தென்மாவட்டத்து வீடொன்றிலிருந்து பதின்மூன்று வயதில் வடமாவட்டத்து மதரஸா ஒன்றுக்கு ஓத வந்தோம். அங்கே அரபு இலக்கணம் உருதுவில் கற்பிக்கப்பட்டது. ஸர்ஃப் பாடத்தில் "ழரப" என்னும் அரபு வினைக்கு "மாரா" என்று பொருள் சொல்லிக் கொடுத்தார்கள். "மாரா, மாரா" என்று நாள் முழுதும் ஓதினோம். நாம் அறிந்த தமிழில் மார் என்பது நெஞ்சு! அடித்தான் என்பதே அதன் பொருளென்று அறியப் பல நாளாயிற்று. முதற்பருவத் தேர்வில் தோற்றோம். "மந்தபுத்தி" என்ற பெயரும் கிடைத்தது.

அன்று நம்மைக் காத்தவர் மேல்வகுப்பு மாணவர் ஒருவர். அவர் வீட்டிலும் தமிழே. இரவுத் தக்ராரின்போது பகற்பாடத்தை அவர் தமிழில் விளக்கினார். பின் அதனையே உருதுவில் சொல்லச் சொன்னார். அதன்பின் அரபு வாசகத்தைக் காட்டினார். ஓராண்டுக்குள் உருதுவும் வந்தது, அரபும் வந்தது. "உன் தமிழை மறந்துவிடு" என்று அவர் சொல்லியிருந்தால் நாம் ஊர் திரும்பியிருப்போம். இன்று உருது வீட்டுப் பிள்ளை தமிழ்ப் பள்ளியில் விழிப்பதைக் காணும்போது நமக்கு வேறொருவர் நினைவு வருவதில்லை. அந்தப் பதின்மூன்று வயதுச் சிறுவனின் நினைவே வருகிறது.

"ஒருவர் அனுபவம் சான்றாகுமா?" என்பர். உலகைப் பார்ப்போம். ஃபின்லாந்திலிருந்து ஸ்வீடனுக்குக் குடியேறிய தொழிலாளரின் பிள்ளைகளை ஸ்குட்நப்-காங்கஸ், டோகோமா என்னும் இரு அறிஞர்கள் ஆராய்ந்து 1976 இல் ஓர் அறிக்கை தந்தனர். எவ்வளவு இளமையில் வந்தார்களோ அவ்வளவு எளிதாகப் புதுமொழி வந்திருக்கும் என்றுதானே நாம் எண்ணுவோம்? கண்டதோ மாறானது. பத்து வயதளவில், தாய்மொழியில் எழுதப் படிக்கக் கற்றபின் வந்த பிள்ளைகள் ஸ்வீடிஷ் மொழியையும் நன்கு கற்றனர். பள்ளிப் பருவத்துக்கு முன்னரே வந்து, தாய்மொழி வேரூன்றாமல் போன பிள்ளைகளோ இரு மொழியிலும் தடுமாறினர். கனடா நாட்டு அறிஞர் ஜிம் கம்மின்ஸ் 1979 இல் இதனை ஒரு கோட்பாடாகவே வகுத்தார்: முதல்மொழியில் பெற்ற அறிவும் பழக்கமும் இரண்டாம் மொழிக்குத் துணைபோகும் என்பது அதன் சாரம். வேர் பிடித்த நாற்றைப் பிடுங்கி நட்டால் தழைக்கும் என்பதும் வேரற்றதை நட்டால் வாடும் என்பதும் நம் உழவருக்குத் தெரிந்ததே.

அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரத்துச் சீனப் பிள்ளைகளின் வழக்கொன்று 1974 இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தில் முடிவுற்றது. ஆங்கிலம் அறியாத ஏறத்தாழ 1,800 பிள்ளைகளுக்குத் தனி உதவி ஏதுமின்றி ஆங்கிலத்திலேயே பாடம் நடந்தது. "எல்லார்க்கும் அதே ஆசிரியர், அதே புத்தகம், இதில் பாகுபாடு எங்கே?" என்றது எதிர்த்தரப்பு. விளங்காத மொழியில் ஒரே பாடம் நடத்துவது சமத்துவமாகாது என்று நீதிமன்றம் ஒருமனதாய்த் தீர்த்தது. நம் ஊர்ப் பள்ளிகளுக்கும் அத்தீர்ப்பின் நியாயம் பொருந்தும்.

எதிர்வாதத்தையும் மறைக்கமாட்டோம். பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி அமைப்பு பல நாட்டு மாணவரிடம் நடத்தும் பீசா தேர்வுகளில், வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகள் பல நாடுகளில் பின்தங்குகின்றனர் என்பது உண்மை. ஆயினும் பெற்றோரின் வருவாயையும் கல்வியையும் கணக்கில் சேர்த்தால் அந்த இடைவெளி பெரிதும் சுருங்கிவிடுகிறது. கனடா போன்ற நாடுகளில் குடியேறியோர் பிள்ளைகள் ஏறத்தாழ மண்ணின் மைந்தர்க்கு நிகராகவே தேறுகின்றனர். நம் உறவினர் பலர் வாழும் சிங்கப்பூரைப் பாருங்கள். பள்ளி மொழி ஆங்கிலம். எனினும் தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழும் ஒரு பாடம். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் ஆங்கிலம், கணக்கு, அறிவியலோடு தாய்மொழியும் நான்காவதாக நிற்கிறது. 2022 பீசா தேர்வில் உலகில் முதலிடம் பெற்றது அந்த நாடுதான். வீட்டு மொழி தோல்விக்குக் காரணமாயின் சிங்கப்பூர் எப்படி முதலிடத்துக்கு வந்தது?

இனி நம் மார்க்கத்தின் பக்கம் வருவோம். மனிதரின் மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதைத் திருமறையின் முப்பதாம் அத்தியாயம் இறைவனின் அத்தாட்சிகளுள் ஒன்றாக எண்ணுகிறது. ஒவ்வொரு தூதரும் தம் சமூகத்தாரின் மொழியிலேயே அனுப்பப்பட்டதைப் பதினான்காம் அத்தியாயம் தெளிவுபடுத்துகிறது. அத்தாட்சியை வீட்டைவிட்டு விரட்டச் சொல்வதற்கு ஜமாஅத்துக்கு யார் அதிகாரம் தந்தார்? அதேபோல், பிறர் மொழி நமக்கெதற்கு என்போரும் கேட்கட்டும். அன்சாரி இளைஞர் ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களை யூதரின் எழுத்தைக் கற்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அரைத் திங்களில் அவர் கற்றுத் தேர்ந்தார் என்று ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. அதனால் அவரது அரபு குன்றவில்லை. குர்ஆனை ஒன்றுதிரட்டும் பெரும்பணி பின்னாளில் அவரிடமே ஒப்படைக்கப்பட்டது.

மதரஸாவில் நஹ்வு ஓதிய எவரும் ஸீபவைஹி என்ற பெயருக்கு முன் தலைதாழ்த்துவர். அவர் பாரசீகர். பஸராவுக்கு வந்து கற்றவர். ஹதீஸ் பாடத்தில் ஒரு சொல்லைப் பிழைபட ஓதி ஆசிரியரால் திருத்தப்பட்டு, "இனிப் பிழை காணமுடியாத கல்வியைக் கற்பேன்" என்னும் உறுதியோடு இலக்கணத்துட் புகுந்தார் என்று வரலாற்றாசிரியர் எழுதுவர். அரபு இலக்கணத்தின் தலைநூலை அரபு வீட்டில் பிறக்காதவர் எழுதினார்! நம் திருத்தணியிலேயே ஒரு சான்று உண்டு. 1888 இல் இவ்வூரில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணனின் வீட்டு மொழி தெலுங்கு. அவர் நாட்டின் தலைவரானார். அவர் பிறந்தநாளையே ஆசிரியர் நாளாகக் கொண்டாடுகிறோம். செப்டம்பர் ஐந்தாம் நாள் மேடையில் அவரைப் புகழ்ந்துவிட்டு, மறுநாள் வகுப்பில் வேற்றுமொழி வீட்டுப் பிள்ளையைப் பின்வரிசைக்கு அனுப்புவது தகுமா?

விலக்குக் கேட்கும் வணிகருக்கு நம் விடை இது. தமிழ்நாட்டில் 2006 ஆம் ஆண்டுச் சட்டம் எல்லாப் பள்ளிகளிலும் தமிழைப் படிப்படியாகக் கட்டாயமாக்கிப் பத்தாம் வகுப்புவரை கொண்டுவந்தது. மொழிச் சிறுபான்மையோர் நீதிமன்றத்தை நாடினர்; 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் அவ்வாண்டுத் தேர்வுக்கு விலக்கை நீட்டித்தது. கற்பிக்க ஆசிரியரைத் தராமல் தேர்வை மட்டும் வைத்தால் பிள்ளைகள் நீதிமன்றம் போகாமல் என் செய்வர்? அந்த வரையில் அவர்கள் பக்கமே நியாயம். ஆனால் விலக்கு என்பது காய்ச்சலுக்கு நனைத்த துணி, மருந்தன்று. 2021 டிசம்பரில் வந்த ஆணைப்படி அரசுப்பணித் தேர்வுகளில் தமிழ்த்தாளில் 40 விழுக்காடு பெறாதவரின் மற்றத் தாள்கள் மதிப்பிடப்படா. பத்தாம் வகுப்பில் விலக்குப் பெற்று மகிழும் மகன் இருபத்திரண்டாம் வயதில் அந்தக் கதவின்முன் நிற்கும்போது எந்த நீதிமன்றம் அவனுக்குத் தமிழ் கற்றுத்தரும்? விலக்கு வேண்டுமென்று போராடிய அதே ஊக்கத்தோடு, "உருது வீட்டுப் பிள்ளைக்குத் தமிழை முதற்படியிலிருந்து கற்பிக்கத் தெரிந்த ஆசிரியரைத் தா" என்று போராடியிருக்க வேண்டாமா? தொடக்கக் கல்வியில் தாய்மொழி வசதி செய்துதர முயலும் கடமையை அரசியல் சாசனத்தின் 350-அ பிரிவு 1956 முதல் மாநிலங்களுக்கு விதித்திருக்கிறது. அதனைக் கேட்டுப் பெறுவதும் நம் உரிமை. தமிழை நிறைவாகக் கற்பதும் நம் உரிமை. ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கும் பண்டமாற்றன்று இது.

இளந்தந்தைக்கும் ஒரு சொல். ஆங்கிலம் வேண்டாமென்று நாம் சொல்லோம். ஆனால் வீட்டில் ஆங்கிலம் பேசுவார் இல்லை. வீட்டு மொழியையோ அரைகுறையாக்கிவிட்டீர்கள். தமிழைத் தெருவோடு நிறுத்திவிட்டீர்கள். பிள்ளை தன் ஐயத்தை எந்த மொழியில் கேட்பான்? அச்சத்தை எந்த மொழியில் சொல்வான்? ஆங்கிலப் பாடத்தை உருப்போட்டு ஒப்பிக்கிறான்; பொருள் கேட்டால் மௌனம். "மாரா, மாரா" என்று நாம் அன்று ஓதிய ஓதலுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? அன்று மதரஸாக் கட்டணம் ஏதுமில்லை, இன்று தாங்கள் ஆண்டுதோறும் கடன் வாங்கிக் கட்டுகிறீர்கள், அவ்வளவே.

நம் இனத்தாராகிய ஆலிம்களையும் விடமாட்டோம். பிள்ளை தினமும் மாலை ஒருமணி நேரம் நம் முன் அமர்கிறான். எழுத்துக் கூட்டி ஓதக் கற்பிக்கிறோம், பொருள் கூறுவதில்லை. கீழக்கரையிலும் காயலிலும் வாழ்ந்த நம் முன்னோர் அரபு எழுத்தில் தமிழை எழுதி அரபுத்தமிழ் என ஓர் இலக்கியமே சமைத்தனர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் அதில் எழுதிய நூல்களால், பள்ளிக்கூடம் காணாத தாய்மார்களும் மார்க்கம் அறிந்தனர். தெரிந்த மொழியை ஏணியாக்கித் தெரியாததில் ஏற்றும் கலை நம் வீட்டுச் சொத்து. அதனை மறந்து பிரம்பை எடுத்துக்கொண்டவர் நாமே.

தமிழ் பேசும் முஸ்லிம், உருது பேசும் பிள்ளையின் தமிழைக் கேட்டு நகைக்கிறான். உருது பேசுவோர் தமிழ் முஸ்லிமைக் குறைத்துப் பேசிய காலமும் உண்டு. இரு நகைப்பிலும் நொறுங்குவது குழந்தையின் நா. நகைப்புக்கு அஞ்சிய பிள்ளை வகுப்பில் கையுயர்த்துவதில்லை. கையுயர்த்தாத பிள்ளையை ஆசிரியர் மந்தமெனக் குறித்துக்கொள்கிறார்.

இந்த நியாயத்தை நம் பிள்ளைக்கு மட்டும் கேட்டால் அது நியாயமாகாது. நம் திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கற்சூளைகளுக்கு ஆண்டுதோறும் ஒடிசாவின் பலாங்கீர் முதலிய பகுதிகளிலிருந்து கூலிக்குடும்பங்கள் வருகின்றன. அவர்தம் குழந்தைகளுக்காக ஒடியா பாடநூல்களோடு சூளைப் பகுதிகளில் பள்ளிகள் நடத்தப்பட்டது இம்மாவட்டத்தில்தான். ஆறுமாதம் தங்கிச் செல்லும் ஏழைக் கூலியின் மகளுக்கு அவள் மொழியில் கற்பிக்க வழிகாண முடியுமானால், தலைமுறை தலைமுறையாக இங்கு வாழும் பிள்ளைக்கு முடியாதா? தனக்கு விரும்புவதைத் தன் சகோதரனுக்கும் விரும்புவது ஈமானின் பண்பன்றோ? நம் பள்ளிவாசலின் மாலை வகுப்புக்கு அந்தச் சூளைப் பிள்ளையும் தமிழ் கற்க வருமானால் பாயில் இடமுண்டு என்று இப்போதே எழுதிவைக்கிறோம்.

செய்ய வேண்டுவன யாவை? தாய்மார்களே, உங்கள் மொழியில் தாராளமாகப் பேசுங்கள்; கதை சொல்லுங்கள்; கடைக்கணக்கைக் கேளுங்கள்; பிள்ளை கேட்கும் "ஏன்" ஒவ்வொன்றுக்கும் விடை சொல்லுங்கள். அது தமிழுக்கு இடப்படும் உரம். ஆசிரியப் பெருமக்களே, பிள்ளை தவறும்போது, சொல் தெரியவில்லையா, பொருள் தெரியவில்லையா என்று ஒருமுறை பிரித்துப் பாருங்கள். அவன் மொழி அறிந்த மற்றொரு மாணவனைப் பக்கத்தில் அமர்த்துங்கள். முத்தவல்லிமார்களே, மஃரிபுக்குப் பின் அரைமணி நேரம் தமிழ் வாசிப்புக்கு விடுங்கள். மின்விசிறிக்கும் பளிங்குக்கும் வசூலிக்கும் பணத்தில் ஒரு பங்கு, தமிழும் உருதுவும் அறிந்த பட்டதாரிப் பெண் ஒருவருக்குச் சம்பளமாகட்டும்.

நாம் நம் பங்கைத் தொடங்கிவிட்டோம். அந்தக் கடைக்காரர் மகன் இப்போது ஒரு நோட்டுப்புத்தகம் வைத்திருக்கிறான். ஒரு பக்கம் உருதுச் சொல், எதிர்ப்பக்கம் பள்ளித் தமிழ்ச் சொல். முதல் வரியில் நுக்ஸான், நட்டம். நேற்று மாலை அவனே ஒரு புதுச்சொல்லைக் கொண்டுவந்து அதற்கு உருதுவில் என்ன என்று நம்மைக் கேட்டான். நமக்குத் தெரியவில்லை. "வீட்டில் அம்மியிடம் கேட்டு வா" என்று அனுப்பினோம். ஜமாஅத் அந்தத் தாயின் வாயை அடைத்திருந்தால் அவன் யாரிடம் கேட்பான்?

வஸ்ஸலாம்.